றோசலின் திருப்பித் தந்த ஏதனங்கள்

மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேலில் மூன்று தட்டு வீடொன்றின் நடுத்தட்டில் குடியிருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. மேலே நடப்பதும் கேட்கும், கீழே கதைப்பதும் கேட்கும். என் மனைவி குணேஸ்வரி இதை ஒட்டுக்கேட்பது என்பாள். நான் அக்கறை என்பேன். முப்பது வருடமாக இந்த வழக்கு எங்களுக்குள் தீரவில்லை.

மேல்தட்டில் இருப்பவர் றோசலின். மன்னார்க்காரி. கணவன் போன பிறகும் ஒரு வெதுப்பகத்தில் மாக் குழைத்து மகனை ஆளாக்கியவர். போன வருடத்துக்கு முதல் வருடம் கைவிரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். முடக்குவாதம் என்றார்கள். உடம்பே தன் மூட்டுகளைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிற வருத்தமாம். எங்கள் ஆட்களில் சிலருக்குச் சொந்தத்தோடு இருக்கிற சண்டை மாதிரித்தான்.

அன்றிலிருந்து இந்தத் தெரு றோசலினை அசைய விடவில்லை. குணேஸ்வரி புட்டு அனுப்பினாள். கீழ்த்தட்டு அஜந்தா ஒடியல் கூழ் காய்ச்சினாள். தேவாலயத்துப் பெண்கள் முறை வைத்து மீன்குழம்பு கொண்டுவந்தார்கள். கடைச் சாமான் தூக்குகிற வேலை என்னுடையது. சாப்பாட்டோடு வைத்தியமும் ஏறும். கத்தரிக்காய் கிரந்தி, வீக்கத்தைக் கூட்டும், தொடாதே. தண்ணியிலே கை வையாதே. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வசனம்: "எழும்பாதேங்கோ, இருங்கோ, இருங்கோ." எழும்பாமல் இருந்து இருந்து, கடைசியில் அந்த மனுசி எழும்ப முடியாமலே போய்விட்டது. அதை வருத்தம் முற்றிவிட்டது என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம். விளங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் புட்டு அனுப்பினோம்.

மகன் அனுஜன் ஆற்றுக்கு அந்தப்பக்கம் லொங்குய்யில் பங்களா வீடு வாங்கியிருக்கிறான். மனைவி ஷெரோன் நல்ல பிள்ளை. அவர்கள் நிலக்கீழ் அறை ஒன்றைத் தாய்க்கென்று திருத்தி, தரைக்குச் சூடுகூடப் போட்டிருந்தார்கள். நத்தார் பண்டிகைக்கு வந்தபோது அவன் மேலே சொன்னது என் காதில் தானாகவே விழுந்தது.

"அம்மா, மார்ச் முடிய முந்தி வீட்டுக்காரனுக்குச் சொல்லவேணும், இருக்கிறதோ விடுறதோ எண்டு. நீங்கள் தனியப் படி இறங்கி ஏறேலாட்டி இந்த முறை விடுறதுதான். ஜூனோடை ஒப்பந்தம் முடியுது, ஜூலை முதலாம் திகதி நான் லொறி கொண்டு வாறன்."

றோசலினுக்கு அந்த வீட்டை விட மனமில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஜன்னலைத் திறந்தால் மாதா கோயில் மணி, கதவைத் திறந்தால் நாங்கள். லொங்குய்யில் கதவைத் திறந்தால் ஒரு கார் நிற்கும். ஆனால் படிதான் சிக்கல். அவருடைய கதவிலிருந்து எங்கள் கதவு வரைக்கும் உள்ளே மரப்படி. அங்கிருந்து தெருவுக்கு இறங்குவது வெளியே வளைந்து போகிற இரும்புப்படி. மொன்ட்ரியால் பனிக்காலத்தில் அந்த இரும்புப்படியில் நானே சாமி கும்பிட்டுக்கொண்டுதான் இறங்குவேன்.

பெப்ரவரியில் இரண்டு விசயம் நடந்தது. முதலாவது, மேலே இருந்து ஒரு சத்தம். கிறீச், பிறகு ஒரு அமைதி, பிறகு தொப். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பவும் கிறீச், தொப். பின்னேரம் பின்னேரம் கேட்டது. சாமான் இழுக்கிற சத்தம்.

இரண்டாவது, ஏதனம். எங்களுடைய ஒரு சின்னத் தூக்குச்சட்டி திரும்பி வந்தது. எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, வெளியாருக்காகச் சொல்கிறேன். சாப்பாடு வந்த ஏதனத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஒரு பிடி சீனியாவது, இரண்டு பச்சைமிளகாயாவது உள்ளே இருக்கவேண்டும். சமைக்க முடியாத மனுசி ஏதனத்தை எப்படித் திருப்பித் தரும்? அதனால் ஒரு வருடத்துச் சட்டி, கிண்ணம், பெட்டியெல்லாம் றோசலினின் குசினியில் மலையாக அடுக்கிக் கிடந்தன. இப்போது அவற்றில் எங்களுடையவை ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. முதலில் அந்தத் தூக்குச்சட்டி, உள்ளே இரண்டு றொட்டியோடு. றொட்டி ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. நான் கடைக்குப் போன நேரம் அதை வாங்கிவைத்த குணேஸ்வரி, எனக்குக் காட்டும்போது ஏன் கண்ணைத் துடைத்தாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

நான் யோசித்தது வேறு. சாமான் இழுபடுகிறது, ஏதனம் திரும்பி வருகிறது. ஒரு மனுசி எப்போது ஊராரின் ஏதனத்தைக் கணக்குத் தீர்க்கும்? வீடு மாறும்போது! லொங்குய்க்குப் போக முடிவெடுத்துவிட்டார், எங்களிடம் சொல்ல வெட்கப்படுகிறார். எவ்வளவு பெரிய மூளை எனக்கு.

இதை அஜந்தாவிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் தொலைபேசியில் ஷெரோனிடம் மட்டும்தான் கேட்டாளாம். பிறகு கடைத்தெருவில் தெரியாத ஒரு மனுசன் என்னிடமே வந்து, "றோசலின்ர மேல்வீடு காலியாகுதாமே, மருமகனுக்குக் கேக்கலாமோ?" என்றான்.

மார்ச் கடைசி ஞாயிறு, கோயில் முடிந்த கையோடு அனுஜன் எங்கள் கதவடியில் வந்து நின்றான். கக்கத்தில் மடித்த அட்டைப்பெட்டிகள்.

"தாங்ஸ் அங்கிள்," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அம்மா ஓமெண்டிட்டா எண்டது உங்களாலைதான் தெரிஞ்சுது."

மரப்படியின் உச்சியில் கதவு திறந்தது. "நான் எப்ப ஓமெண்டனான்?"

"ஏதனமெல்லாம் திருப்பிக் குடுக்கிறீங்களாம், அம்மா. சாமான் இழுக்கிறீங்களாம். அங்கிள்தானே சொன்னவர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முகட்டைப் பார்த்தேன்.

குணேஸ்வரி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அது சாமானில்லையடா தம்பி, கதிரை. கையூண்டாமல் எழும்பி இருக்கிற பயிற்சி. ஜனவரியிலையிருந்து, இவர் வெளியாலை போற நேரமாப் பாத்து, நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறன், பிரெஞ்சு கதைக்க ஆள் வேணுமெண்டு."

ஜனவரியிலிருந்து! ஒரே கட்டிலில் படுக்கிற பெண்சாதி. "எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"உங்களுக்குச் சொன்னால் ஜோன்-தலோன் சந்தை வரைக்கும் போயிருக்கும்," என்றாள். "சொல்லாமலே போயிட்டுது, பாருங்கோ."

பிறகு அவள் சொன்னதிலிருந்துதான் முழுக்கதையும் தெரியவந்தது. உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கிற எலிசா என்ற இளம் பெண், முதல்நாளே றோசலினிடம் கேட்டிருக்கிறாள்: என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்? மற்றவர்கள் நாயோடு நடக்க, பேரப்பிள்ளையைத் தூக்க என்று சொல்வார்களாம். எங்கள் றோசலின், "குசினியிலை கிடக்கிற ஏதனமெல்லாம் திருப்பிக் குடுக்கவேணும்" என்றாராம்.

"வெறும் ஏதனம் குடுக்கேலாது எண்டதை அவளுக்கு விளங்கப்படுத்தவே அரைவாசி நேரம் போட்டுது," என்றாள் குணேஸ்வரி. "விளங்கினாப் பிறகு சிரிச்சிட்டு, அப்ப அதுதான் உங்கடை பயிற்சி எண்டாள். மாக் குழைக்கிறது விரலுக்கு. கதிரை தொடைக்கு. முதல் ஏதனம் மரப்படியாலை எங்களுக்கு. உடம்பு பழகினாப் பேந்து இரும்புப்படி."

அனுஜனுக்கு முகம் சிவந்தது. "வீங்கின மூட்டை ஆட்டினால் இன்னும் வீங்குமெல்லோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சு ஒரு வருசம் கல்லுமாதிரி இருந்தனான்," என்றார் றோசலின். "இருந்ததாலை கண்டது ஒண்டுமில்லை. தசை வேலை செய்யேக்கை வீக்கத்தைத் தணிக்கிற ஏதோ உடம்பிலையே சுரக்குதாம். கொஞ்சம் கொஞ்சமாச் செய்யவேணும். அடுத்தநாள் நோ கூடினால் பாதியாக் குறைக்கவேணும். ரத்தத்திலை பாத்தவை, வீக்கக் கணக்கு இறங்கியிருக்கு. மருந்தாலையோ இதாலையோ எண்டு டொக்டர் பிரிச்சுச் சொல்லேல்லை. ரெண்டையும் விடாதேங்கோ எண்டார்."

"நோகேல்லையோ?"

"நோகுது. ஆனா நோகிற எல்லாம் உடையிறதில்லை." பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "உங்களுக்கு ஒளிச்சதுக்குக் கோவிக்காதேங்கோ. ஒரு வருசம் சோறு போட்ட ஆக்களிட்டை, எனக்கு எழும்பி நடக்கவேணும், விடுங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

நாங்கள் சமைத்துக் கொடுத்து அவரைக் கட்டிப்போட்டிருந்தோம். அந்த மனுசி எங்கள் மனம் நோகாமல் அந்தக் கட்டை அவிழ்க்க, எங்கள் சட்டிகளையே எடுத்திருக்கிறது.

"கதையெல்லாம் சரி," என்றான் அனுஜன். "இரும்புப்படி?"

"அதுக்குத்தான் வெளிக்கிட்டு நிக்கிறன்." றோசலின் தோளில் ஒரு துணிப்பை. உள்ளே அஜந்தாவின் மூடி போட்ட பெரிய கிண்ணம், அதற்குள் தவக்காலத்துப் பயற்றங்கஞ்சி. இரும்புப்படியில் தனியே இறங்குவது அன்றுதான் முதல் முறை.

வெளிக்கதவைத் திறந்தேன். அவர் மரப்படியால் இறங்கி வந்து, எங்களைக் கடந்து, குளிரில் கால் வைத்தார். என் கை தன்பாட்டில் அவருடைய முழங்கையைத் தேடிப் போனது.

"அண்ணை, கையை ஜக்கெட்டுக்குள்ளை வையுங்கோ."

வைத்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் சேர்த்துச் சேர்த்து இறங்கினார். எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. பக்கத்து வீட்டுத் திரைச்சீலையும் அசைந்தது. என்னைத்தான் விடுப்பு, ஊர்வம்பு பார்க்கிறவன் என்பார்கள். அடியில் அஜந்தா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓடிவந்து வாங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள். கிண்ணம் கை மாறியது.

ஏறுவதுதான் பாடு. பாதியில் நின்றுவிட்டார். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அனுஜன் ஒரு கால் எடுத்து வைத்தான். குணேஸ்வரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா!"

"கத்தாதை. நிண்டு மூச்சு வாங்கிறதும் பயிற்சிதான்."

நின்றார். நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். பிறகு ஒரு கால், மறு கால். மேலே வந்து சேர்ந்து, எங்களைக் கடந்து, மரப்படியிலும் ஏறித் தன் வீட்டுக் கதவுக்குள் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அனுஜன், அந்தப் பெட்டியளைக் கொண்டு வா."

அவன் என்னைப் பார்த்தான். நான் குணேஸ்வரியைப் பார்த்தேன். ஏறிப் போனோம். மேசையில் நாலைந்து கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் றொட்டி, ஒன்றில் சம்பல், ஒன்றில் பயற்றம்பணியாரம்.

"ஷெரோன்ர ஏதனமெல்லாம் இஞ்சைதான் கிடக்கு. அட்டைப்பெட்டியிலை அடுக்கிக் கொண்டு போ. நல்ல சாப்பாடு தந்தவள் எண்டு சொல்லு. நிலத்துச் சூட்டை நிப்பாட்ட வேண்டாம், பனிக்காலத்திலை நிண்டுபோக வருவன்."

அனுஜன் ஒரு றொட்டியை எடுத்துக் கடித்தான். சிரிக்கத் தொடங்கியவனுக்கு இடையில் அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரனுக்கு அடுத்தநாளே சொல்லியாயிற்று, இருக்கிறோம் என்று.

எலிசாவுக்கும் ஒரு டப்பா பணியாரம் போனது. அந்தப் பிள்ளை அதைப் பளபளவென்று கழுவி, மெர்சி என்று வெறுமையாய்த் திருப்பித் தந்துவிட்டது! குணேஸ்வரிக்கு நெஞ்சு அடைத்துப்போச்சு. பிறகு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தமுறை டப்பா மேப்பிள் பாகுப் பிஸ்கட்டோடு வந்தது. எங்கள் தெருவே அவளை மன்னித்து, கோயிலில் பேர்சொல்லி மெழுகுதிரியும் கொளுத்திவிட்டது. அதில் ஒன்று நான் கொளுத்தியது. நான் சைவக்காரன். பரவாயில்லை.

வருத்தம் முற்றாகப் போகவில்லை. போன புதன்கிழமை மேலே கதிரைச் சத்தம் கேட்கவில்லை. குணேஸ்வரி என் கையில் புட்டைத் தந்து அனுப்பினாள். றோசலின், விரல்கள் வீங்கிப்போய், போர்வைக்குள் இருந்தார்.

"இண்டைக்கு எலும்பெல்லாம் கதைக்குது, அண்ணை. வைச்சிட்டுப் போங்கோ. ஏதனம் பேந்து வரும்."

எழும்பாதேங்கோ என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். கதவைச் சாத்தப் போனபோது அவர் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு நாளும் விடியக்காலமை அந்த இரும்புப்படி வழுக்காமல் உப்புப் போட்டது ஆரெண்டு எனக்குத் தெரியும். பெப்ரவரி முழுக்க. நான் போறன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச ஆள், எனக்கேன் உப்புப் போட்டனீங்கள்?"

"வீடு பாக்க வாற ஆக்கள் விழக்கூடாதெல்லோ," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு கீழே குணேஸ்வரிக்குக் கேட்டிருக்கிறது. நான் இறங்கிவர, கதவடியில் நின்று என்ன கதை என்று கேட்டாள். அவளுடைய அக்கறை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய், காதைக் கூர்ப்பாக்கிக்கொண்டு இருந்தேன். பொழுதுபடும் நேரம், மெதுவாக, ஒரேயொரு தரம், கிறீச் என்றது.