கறுத்த கோடுகள்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஆபரேஷன் கருவிகளை நீராவியில் சுத்தப்படுத்தும் அறைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போட்டதும், எல்லோரும் அவளைப் 'பெரியக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாதி கேலி, பாதி பாசம். நேற்றுவரை அவர்களோடு சேர்ந்து கத்தரி கழுவியவள்தானே!

முதல் நாளே எல்லோரையும் கூட்டிச் சொன்னாள். "கை தவறத்தான் செய்யும். ஆனா மறைச்சா, மேல ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிறவங்க உயிருக்கு உலை வைக்கிறோம். என்கிட்ட சொல்லுங்க. யார் வேலையும் போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

கருவிகளைத் துணியில் பொதிந்து ஒரு டேப்பை ஒட்டுவார்கள். இயந்திரத்துக்குள் சூடு பட்டதும் டேப்பின் வெளிறிய கோடுகள் கறுத்துவிடும். கறுத்திருந்தால் பொட்டலம் தயார். யாரையும் கேட்க வேண்டியதே இல்லை.

ஒரு காலையில், கீழே வேலை பார்ப்பவர்கள் 'வாயாடி' என்று கூப்பிடும் பெண் வந்து நின்றாள். மூச்சு விடாமல் பேசுகிறவள், அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னாள்.

"அக்கா, ரெடியா இருந்த பொட்டலம் ஒண்ணு கை நழுவி விழுந்து பிரிஞ்சிடுச்சு. திரும்பக் கழுவி அதே துணியில கட்டி வச்சேன். பழைய டேப்பை உரிக்க மறந்துட்டேன். அது ஏற்கனவே கறுத்தது இல்லையா, யாரோ தயார்னு நினைச்சு, மெஷின்ல வைக்காமலே மேல அனுப்பிட்டாங்க."

பெரியக்கா லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி ஓடினாள். நல்லவேளை, ஆபரேஷன் தியேட்டரில் இன்னும் பிரிக்கவில்லை. பொட்டலத்தோடு இறங்கி வந்து வாயாடியைக் கட்டிக்கொண்டாள். "நீ வாய் திறந்ததால ஒரு உயிர் பிழைச்சுது, கண்ணு."

சேதி மேனேஜர் காதுக்குப் போகாமல் இருக்குமா? கூப்பிட்டு உட்காரவைத்துப் பாராட்டினார். அப்புறம் மெதுவாக, "யாரும்மா அது?" என்றார்.

"பேர் வேணாம் சார்."

"அட, சும்மா தெரிஞ்சுக்கத்தான். என்னை நம்ப மாட்டீங்களா?"

நம்பினாள். கீழே இருந்தவர்கள் அவளை நம்பினார்களே, அதே வெள்ளை மனசோடு நம்பிப் பேரைச் சொல்லித் தொலைத்தாள்!

மறுநாள் வாயாடியை, இனி வேலை இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெரியக்கா மேனேஜரிடம் ஓடினாள், கெஞ்சினாள், என்னை வேண்டுமானால் அனுப்புங்கள் என்றாள். "மேலிடத்து முடிவும்மா. என் கையில என்ன இருக்கு?" என்று அவர் கையை விரித்தார். பொய் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை. கோபப்படக்கூட ஒரு ஆள் அகப்படாத கொடுமையை என்னவென்று சொல்வது!

வாயாடி திட்டவில்லை, அழவில்லை. "உங்களை நம்பித்தானேக்கா சொன்னேன்" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் அந்த அறையில் ஒரு தப்பும் நடக்கவில்லை. அதாவது, யாரும் சொல்லவில்லை. பெரியக்கா கேட்பதற்கு முன்பே, "எல்லாம் சரியா இருக்குக்கா" என்று பதில் வந்தது. அவள் வந்தால் பேச்சு நின்றது. மேனேஜருக்கோ ஒரே சந்தோஷம். "உங்க டிபார்ட்மென்ட்ல இப்போ ஒரு புகார்கூட இல்லையேம்மா!"

ஒரு மத்தியானம், மேலே போகத் தயாராயிருந்த ரேக்கில் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள். டேப் கறுத்துத்தான் இருந்தது. ஆனால் ஓரம் சுருங்கிப் பிசிறடித்து, ஒருமுறை உரித்து மறுபடி ஒட்டின மாதிரி இருந்தது. இயந்திரத்துக்குள் போகாமலே கறுப்பு காட்டும் பொட்டலம்!

"இதைக் கட்டினது யாரு? கோபப்பட மாட்டேன். இது மாதிரி வேற எது மேல போயிருக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

எல்லோரும் குனிந்து பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். அவளோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த தோழியைக் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள்.

"உனக்குத் தெரியும்டி. என்கிட்டயாவது சொல்லு."

தோழி அவள் கண்ணை நேராகப் பார்த்தாள். "சொல்றேன். சொன்னா, இதைக் கட்டின பொண்ணை உன்னால காப்பாத்த முடியுமா?"

முடியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பாழாய்ப்போன அந்த ஒரு வார்த்தை வரவே மாட்டேன் என்றது.  தோழி கையை விடுவித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

பெரியக்கா தியேட்டருக்கு ஃபோன் செய்தாள்.

"நாங்க அனுப்பின பொட்டலத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்துடுங்க சிஸ்டர்."

"எதும்மா சரியில்ல?"

"தெரியல. எல்லாத்தையும் அனுப்பிடுங்க."

"காலையில வந்ததை அப்பவே பிரிச்சாச்சேம்மா," என்றாள் நர்ஸ். "உள்ள ஆபரேஷன் நடந்துட்டிருக்கு."