அது இருக்காலே?

என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டியது டாக்டர் இல்லை, அவருடைய அண்ணன். பெயர் முத்துராமலிங்கம், நான் அத்தான் என்று கூப்பிடுவேன். தென்காசியில் போலீஸ் ஏட்டு. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் திருடனா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். அதே கண்ணால்தான் தம்பியையும் பார்த்தார்.

1982 வைகாசி அது. என் வீட்டுக்காரர் உச்சிமாகாளி பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். லீவு போட்டுவிட்டுச் சொந்த ஊர் ஆய்க்குடிக்கு வரும்போதே ஆள் பாதியாகியிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேச்சில்லை. காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் பாடுபட்டுப் போட்ட கணக்கை, அவருக்கு மேலே இருந்த பெரியவர் 'வெறும் கற்பனை' என்று தள்ளிவிட்டார். ஆவணிக்குள் அதைச் சரிப்படுத்திக்கொண்டு போனால் ஆராய்ச்சியில் இவர் இடம் இவருக்கு. இல்லாவிட்டால் வேறொருவருக்கு. அந்த இடத்தில்தான் இவர் உயிர் இருந்தது. நானெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாணமான புதிதில், வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கைச் சொன்னார். நம் சூரியன் இருக்கிற நட்சத்திரக் கூட்டம் மிகப் பெரியது. அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சில கூட்டங்கள் இருக்கின்றன. பெரியது இழுக்கிற இழுப்பில் அந்தப் பொடிசுகள் எப்போதோ பிய்ந்து சிதறியிருக்க வேண்டும். அவற்றில் தெரிகிற நட்சத்திரங்களையெல்லாம் சேர்த்தாலும் அதைத் தாங்குகிற கனம் வரவில்லை. ஆனாலும் சிதறவில்லை. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளேயிருந்து பிடித்துவைத்திருக்கிறது.

"பெருசுல அது இருக்காதா?" என்று கேட்டேன்.

"இருக்கும். ஆனா அங்கன வெளிச்சமும் தூசியுமா எல்லாம் கலந்து கெடக்கும், பிரிச்சுப் பாக்கது கஷ்டம். இந்தச் சின்னதுகள்லதான் அது தனியா மாட்டும்" என்றார். சொல்லும்போது சிரித்தார். எனக்குப் பிடித்த சிரிப்பு அது.

ஆய்க்குடியில் அண்ணன் கேட்டார்: "ஏம்லே இப்படி இருக்க? உனக்கு என்னதான் செய்யுது?"

அண்ணனிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், உள்ளதைச் சொன்னார். "உலகத்துல பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாதுண்ணே. அதுக்கு வெளிச்சம் கிடையாது. இந்தா, இப்பக்கூட நம்ம உடம்புக்குள்ள புகுந்து போய்க்கிட்டு இருக்கலாம். நமக்குத் தெரியாது."

அவ்வளவுதான். உடம்புக்குள் புகுந்து போகிறது என்று ஒருவன் தன் வாயாலேயே சொன்ன பிறகு எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். சித்தம் கலங்கியவர்களை அருவியில் நிறுத்தினால் தெளியும் என்று நம்பிக்கை. அப்போதெல்லாம் அப்படிக் கூட்டிவரப்பட்டவர்கள் சீசன் முழுக்க அங்கே இருப்பார்கள். அவர்கள் நடுவில் இவரையும் உட்காரவைத்தார்கள்.

விடிந்ததும் இசக்கியப்பன் என்கிற எண்ணெய் தேய்க்கிறவர் உச்சந்தலையில் எண்ணெய் வைத்து அரக்கித் தேய்ப்பார். அப்புறம் அத்தான் தன் துண்டால் இவருடைய இடது மணிக்கட்டையும் தன் வலது மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு பேரருவிக்குள் போவார். வேகத்தில் தம்பி வழுக்கிவிடக் கூடாதே என்று. சம்பளமில்லாத லீவு போட்டுக்கொண்டு, பல் கிட்டித்துப்போகிற குளிரில் தானும் அந்த அடியை வாங்கிக்கொண்டு நிற்பார். பாசமில்லாத மனுஷர் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அதுதான் கொடுமை. பாசமில்லாதவராக இருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

வெளியே வந்ததும் கேட்பார்: "ஏலே, அது இருக்கா?"

"இருக்குண்ணே."

திரும்பவும் உள்ளே.

நான் சண்டை போட்டேன். "அத்தான், அது பேயுமில்ல பிசாசுமில்ல. கணக்கு!"

"கண்ணுக்கே தெரியாததுக்கு என்ன தாயி கணக்கு? நீ பேசாம இரு. தம்பிய நான் முழுசா உங்கிட்டத் தாரேன்."

புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டி என்று இசக்கியப்பன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவரையும் நாலு கேள்வி கேட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஆடியில் ஒருநாள் மலையில் நல்ல மழை. அருவி செம்மண் நிறமாக இறங்கியது. போகவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். வெளியே வரும்போது அவருக்கு உதடு நீலம்பாரித்திருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே காதோடு சொன்னேன்: "நீங்க இருக்குன்னே சொல்லுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"ஏலே, அது இருக்கா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரையும் பார்க்கவில்லை. "இல்லண்ணே. ஒண்ணும் இல்ல."

அத்தான் கட்டை அவிழ்க்கக்கூட மறந்து தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். இசக்கியப்பனுக்குப் புது வேட்டி கிடைத்தது. தென்காசி விசுவநாதர் கோயிலில் அர்ச்சனை, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அல்வா. நான் வாயில் போடவில்லை.

அண்ணனுக்காக ஒப்புக்குச் சொல்லியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆவணி நெருங்கியதும் பெட்டியில் துணியை அடுக்கினேன்.

"எங்க போறதுக்கு?" என்றார்.

"பெங்களூருக்கு."

"அங்கன போயி என்ன செய்ய? அங்கன ஒண்ணும் இல்லல்லா" என்று நிதானமாகச் சொன்னார். கோபம், வருத்தம் எதுவும் இல்லை. பெட்டிமேலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு தென்காசியில் ஒரு டுடோரியலில் பத்தாவது பையன்களுக்குக் கணக்கு எடுத்தார். நன்றாகச் சாப்பிட்டார், உடம்பு தேறியது. தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் அத்தானுக்குப் பெருமை. மாடியில் நான் துணி எடுக்கும்போது வானத்தில் வெள்ளி தெரிந்தால், அவர் குனிந்துகொண்டு கீழே இறங்கிவிடுவார்.

இரண்டு வருஷம் கழித்து, மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகமது கபீர் வந்தார். இவரோடு கல்லூரியில் படித்து, பெங்களூரிலும் கூடவே ஆராய்ச்சி செய்தவர். அத்தானும் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கபீருக்குச் செருப்பைக் கழற்றவே பொறுமையில்லை.

"மாகாளி, நீ சொன்னதுதான்டே! அமெரிக்காவுல ஒருத்தர் அந்தப் பொடிக் கூட்டம் ஒண்ணுல மூணே மூணு நட்சத்திரத்தோட வேகத்த அளந்திருக்காரு. அந்த வேகத்துக்கு அதுக எப்பவோ பிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். போகல. உள்ள ஏதோ பிடிச்சு வச்சிருக்கு. மூணை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாதுதான். ஆனா இப்ப எல்லாரும் அதைத்தான் பேசுதாங்க. நம்ம பெரியவரே உன்ன வரச்சொல்லுதாரு. இடம் இருக்குடே, கிளம்பு!"

எனக்கு அடுப்பில் இருந்தது மறந்துபோனது. இவர் புன்னகையோடு, "காப்பி சாப்புடுதியா?" என்றார்.

அத்தான் எச்சில் கையோடு எழுந்து வந்தார். "தம்பி, அப்போ இவன் சொன்னது... பித்து இல்லியா?"

"பித்தா? என்ன அண்ணாச்சி சொல்லுதிய?" என்றார் கபீர்.

அத்தானின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தம்பியின் முன்னால் போய் நின்றார். தோளில் ஈரத்துண்டு. குரல் உடைந்து வந்தது: "ஏலே... மாகாளி... அது இருக்காலே? இருக்குன்னு சொல்லுலே."

கேள்வி காதில் விழுந்ததுமே இவர் இடது கையை நீட்டினார். கட்டுவதற்குத் தோதாக, மணிக்கட்டைத் திருப்பி.

"இல்லண்ணே. ஒண்ணும் இல்ல. எனக்கு நல்லாயிருச்சு."

அத்தான் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கபீர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நான்தான் போய் அதை மெல்ல மடக்கிவிட்டேன்.