பீரோவுக்குள் மாதா

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்தே குரோம்பேட்டை வீட்டில் ஜோசலினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துச் சுவரில் இருந்த மாதா படத்தைக் கழற்றிப் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்து பீரோவைப் பூட்டினாள். ஜெபமாலையும் கூடவே உள்ளே போயிற்று.

“இன்னாத்துக்கு இதெல்லாம்?” என்றார் அவள் கணவர் துரை. கோவளத்தில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பல்லாவரத்து ஜோசலினை விரும்பிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒருவர் சாமியை மற்றவர் குறை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில், ஞாயிற்றுக்கிழமை சர்ச். இரண்டுக்கும் கைபிடித்துப் போய் வளர்ந்தவன் மகன் விக்கி.

“அவங்க ஆசாரமானவங்க. கல்யாணம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்” என்றாள் ஜோசலின்.

யோசனை என்னவோ நித்யஸ்ரீயுடையது. நாவலூர் ஆபீசில் விக்கியோடு வேலை பார்க்கிறவள், அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண். அவளுக்கு எல்லாம் தெரியும். அப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. விக்கியும் தலையாட்டிவிட்டான். ஆனால் அம்மா பீரோவைப் பூட்டிய சத்தம் கேட்டதிலிருந்து அந்த வெற்றுச் சுவர்ப் பக்கம் அவன் பார்க்கவேயில்லை.

நித்யஸ்ரீயின் அப்பா சூர்யநாராயணனும் அம்மா அபிதகுஜாம்பாளும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போயிற்று; ஜோசலின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. டிபன் வந்ததும், “நீங்களும் உட்காருங்க” என்று அபிதகுஜாம்பாள் ஜோசலினைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

தட்டு கைக்கு வந்ததும் ஜோசலினின் கண்கள் தானாக மூடின. வலது கை நெற்றிக்குப் போயிற்று, மார்புக்கு வந்தது. அங்கேயே திடுக்கிட்டு நின்றது. சட்டென்று முந்தானையைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள். முகம் வெளுத்துவிட்டது.

விக்கியால் தாங்க முடியவில்லை.

“அம்மா, பாதியில நிறுத்தாதீங்க. சிலுவையை முழுசா போடுங்க.” பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பினான். “அங்கிள், எங்கம்மா கிறிஸ்டியன். நான் கோயிலுக்கும் போவேன், சர்ச்சுக்கும் போவேன். மறைச்சது தப்பு.”

சூர்யநாராயணன் தட்டைக் கீழே வைத்தார்.

“ஜாதி வேற வேறன்னு வீட்டுல பேசித் தீர்த்துட்டுத்தான் இங்க வந்தோம். இதையும் சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். கோபமாகக்கூட இல்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

“கெடுத்துட்டியேடா” என்று அழுதாள் ஜோசலின். துரை மட்டும் மகன் தோளைத் தட்டினார். “சரியா சொன்ன நைனா.”

மறுநாள் சாயந்திரம் சூர்யநாராயணன் விக்கிக்கு போன் செய்தார்.

“நித்யாவைத்தான் திட்டினேன். அவதான் முதல்ல சொல்லியிருக்கணும். உங்கம்மா கை அப்படி நின்னுதே, அதுதான் மனசை விட்டுப் போகலை. நான் தினமும் சந்தியாவந்தனம் பண்றவன். யாருக்கோ பயந்து நான் அதைப் பாதியில விட்டா எப்படி இருக்கும்?” கொஞ்சம் நிறுத்தினார். “முகூர்த்தம் எங்க முறைப்படி நடக்கணும். அது ஒண்ணுதான் கேட்கிறேன். மத்தபடி உங்க வீட்டுல யாரும் எதையும் ஒளிச்சு வைக்க வேண்டாம்.”

“சரிங்க அங்கிள்” என்ற விக்கி, போனை வைத்ததும் அம்மாவைத் தேடிப் போனான்.

செய்தியைக் கேட்டு ஜோசலின் சிலுவை போட்டுக்கொண்டாள், நிதானமாக, முழுசாக. அப்புறம்தான் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மிச்சமிருந்த கேசரியைப் பாத்திரத்தோடு கூடத்துக்குக் கொண்டுவந்தாள். மூவரும் ஆளுக்கொரு ஸ்பூனோடு உட்கார்ந்துவிட்டார்கள்.