மடியில் ஒரு கிணறு

பொம்மை இருக்கிற சின்னக் கதிரைக்கு மெத்தை தைப்பது பெரிய கதிரைக்குத் தைப்பதைவிடக் கரைச்சல். துணி கொஞ்சம் தடித்தாலும் கதிரை மூட்டை மாதிரித் தெரியும். பழைய வேட்டியின் நைந்த பக்கம்தான் அதற்குச் சரிவரும். பொம்மைக்குச் சேலையென்றால் பிய்ந்த கூறைச் சேலையின் கரை. கஞ்சி போட்டு, ஈரம் காயுமுன் விரல்நுனியால் மடிப்பு வைத்து, குண்டூசியால் குத்தி வெயிலில் விட்டால்தான் மடிப்பு நிற்கும்.

நான் பகலில் வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குகிறவள். கரம்பொன் கோயிலில் கிறிஸ்மசுக்குப் பாலன் குடில் வைக்கிறார்கள், சுரூபங்களுக்கு உடுப்பு வேண்டுமென்று பக்கத்து வீட்டு அல்போன்சம்மா கேட்டாள் என்பதற்காக ஒரு வருசம் தைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கோசலா என்னைத் தேடி வந்தாள்.

கோசலா கனடாவில் பிறந்தவள். எங்கள் தீவில், வேலணையில், அவளுடைய தாயின் பெரிய வீடு இன்னும் நிற்கிறது. தாயின் தம்பி தியாகலிங்கம் ஐயாதான் அதில் தனியே இருக்கிறார். அந்த வீட்டை, அறுபத்திரண்டாம் ஆண்டில் இருந்தபடி, ஓர் அடிக்கு ஓர் அங்குலமாகச் சின்னதாய்ச் செய்து கனடாவுக்குக் கொண்டுபோக வேண்டும்; அங்கே குடும்ப ஒன்றுகூடலில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இதுதான் அவளுடைய ஆசை. வீட்டுச் சுவரையும் கூரையையும் யாழ்ப்பாணத்தில் யாரோ பலகையில் செய்து கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருக்கிற சாமானும் ஆட்களும் எங்கள் பொறுப்பு. மரவேலை என் மனுசன் அரியநாயகத்துக்கு, துணிவேலை எனக்கு.

"எல்லாம் அந்தக் காலத்தில இருந்தமாதிரியே இருக்கவேணும் அக்கா," என்றாள். "ஒரு பொய்யும் வேண்டாம்."

அந்தப் பெரிய வீட்டு ஹோலிலேயே வைத்து வேலை செய்தோம். முதல் நாள் கோசலா எனக்கொரு கதிரையை இழுத்துப் போட்டாள். "வேண்டாம் பிள்ளை, தையலுக்கு நிலம்தான் வசதி," என்று சொல்லிவிட்டுக் கீழே இருந்தேன். அரியநாயகமும் உளியையும் அரத்தையும் விரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். என் வீட்டில் நான் கதிரையில் இருந்துதான் தைக்கிறேன். அந்த யோசனை எனக்கு அன்றைக்கு வரவேயில்லை.

வேலை நன்றாகத்தான் போனது. அரியநாயகம் பூவரசங்கட்டையில் சாய்மனைக் கதிரை செய்தார். அதன் கை நீட்டி மடக்குகிற மாதிரி. கண்ணாடி வைத்த அலுமாரி, பித்தளைப் பூண் போட்ட பெட்டகம், குசினிக்கு அம்மி, எல்லாம் வந்தன. நான் கோசலாவின் பாட்டனுக்குப் பட்டு வேட்டியும், பெண்களுக்குக் கைவைத்த சட்டையும், கட்டிலுக்கு ரேந்தைப் பின்னல் வைத்த விரிப்பும் தைத்தேன். தியாகலிங்கம் ஐயா இடைக்கிடை வந்து குறை சொல்லுவார். ஒருநாள் தன் தகப்பனின் பொம்மையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ர ஐயாவுக்கு மீசை காணாது. தபால்காரன் மாதிரிக் கிடக்கு."

"மீசை வைக்கலாம் ஐயா. பூனை மயிர்தான் திறம்," என்றார் அரியநாயகம். "உங்கட பூனை கிட்டப் போக விடுதில்லை. நீங்கள் ஒருக்காப் பிடிச்சுத் தாங்கோவன்."

கோசலா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவளிடம் ஒரு பழைய படம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் உடுப்பு. வீட்டுக்காரர் எல்லாரும் கதிரைகளில் இருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கையும் ஒரு தோளின் பாதியும் மட்டும் தெரியும். "இதார் மாமா?" என்று அவள் கேட்டாள்.

"அது வைரவன். எங்கட வளவில வேலைக்கு நிண்டவன். படம் எடுக்கேக்க விலத்தி நில்லடா எண்டு சொல்லியும் கேக்கேல்லை."

"அது என்ர அப்பா," என்றேன். "வைரவநாதன்."

கோசலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவரையும் செய்வம் அக்கா! கட்டாயம் செய்யவேணும்!"

அந்தச் சந்தோசத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது உண்மை. அப்பாவைக் கடைசியாகத்தான் செய்தேன். சுமை தூக்கித் தூக்கி அவருக்கு இடது தோள் இறங்கியிருக்கும். கம்பியை அதற்கேற்ப வளைத்தேன். நாலு முழ வேட்டி கட்டிவிட்டேன். தோளில் சால்வையைப் போட்டு, காற்றுக்கு விழாமல் இரண்டு தையலும் போட்டேன். எங்கள் வீட்டில் அவர் அப்படித்தான் இருப்பார்.

அவருக்குப் பக்கத்தில் வைப்பதற்காக அரியநாயகம் கிணறு கட்டினார். உண்மையான சுண்ணாம்புக்கல்லை உடைத்து, கடுகு கடுகாய் அடுக்கி, பனஞ்சலாகையில் தண்ணீர் இறைக்கிற துலா வைத்து, மருந்துப் போத்தல் மூடியில் வாளி செய்து தொங்கவிட்டார். எல்லாச் சாமானிலும் அதுதான் திறமாய் வந்தது.

அந்தக் கிணற்றை வெட்டியவர் என் அப்பா. எங்கள் தீவில் உப்பில்லாத தண்ணீர் எல்லா இடத்திலும் வராது. அந்த வளவில் மூன்று இடத்தில் வெட்டி உவராய்ப் போய், நாலாவது இடத்தில் கல்லை உடைத்து உடைத்து நல்ல தண்ணீர் கண்டார். ஊற்று வந்ததும் மேலே ஏறச் சொன்னார்கள். ஏறினார். அதற்குப் பிறகு அந்தத் துலாவில் கைவைக்க அவருக்கு விடவில்லை. எங்கள் சாதி தொட்டால் கிணறு தீட்டாம். தீட்டு, வெட்டும்போது இல்லை, குடிக்கும்போதுதான். நான் சின்னப் பிள்ளையாய்க் குடத்தோடு அந்த வேலிக்கு வெளியே எத்தனை தரம் நின்றிருப்பேன். வீட்டாரில் யாராவது மனம் வைத்து வந்து அள்ளி வார்க்க வேண்டும். வராவிட்டால் வெறுங்குடம்.

எல்லாம் முடிந்து சின்ன வீட்டை மேசையில் ஏற்றி வைத்த அன்று பின்னேரம், தியாகலிங்கம் ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாய்க் குனிந்து பார்த்தார். ஹோலில் சாய்மனைக் கதிரையில் அவருடைய தகப்பன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "இப்பதான் என்ர ஐயா," என்றார். பின்பக்கம் வந்தார். கிணற்றடியைப் பார்த்தார். இரண்டு விரலை நீட்டி, அப்பாவின் தோளில் கிடந்த சால்வையைப் பிடித்துக் கீழே இழுத்தார். சுவரில் சரிந்து கிடக்கிற படத்தை நேராக்குகிறவர் மாதிரி, அவ்வளவு லேசாக. நான் போட்ட தையல் அறுந்து, தோள் துணியும் சேர்ந்து கிழிந்தது. அவர் அந்தச் சால்வையை இடுப்பில் சுற்றப் பார்த்தார்.

"என்ன ஐயா செய்யிறியள்?"

"இது பிழை, நாகபூசணி. வைரவன் இப்பிடி நிண்டதேயில்லை. பிள்ளை எல்லாம் சரியா வேணுமெண்டு சொல்லுது எல்லோ?"

"என்ன மாமா பிழை?" என்றாள் கோசலா.

"அந்தக் காலத்தில அவை வளவுக்குள்ள வந்தா சால்வையைத் தோளால எடுத்து இடுப்பில கட்டுவினம். ஒரு மரியாதைக்கு. அவையளாத்தான் செய்யிறது. ஒருத்தரும் சொல்லுறேல்லை."

நான் நிமிர்ந்து அவருடைய கையைப் பார்த்தேன்.

"அவையளாத்தானோ? இப்ப உந்தச் சால்வை தானா இறங்கினதோ ஐயா? உங்கட கை எல்லோ இறக்கினது?"

"உதென்ன கதை? பொம்மைக்கு என்ன மானம்?"

"பொம்மைக்கு மானம் இல்லையெண்டா ஏன் ஐயா கை நீட்டினனீங்கள்?"

அவருக்கு முகம் கறுத்தது. கோசலா நடுவில் வந்தாள். "அக்கா, கோவிக்காதேங்கோ. எனக்கு உங்கட மனம் விளங்குது. ஆனா அப்பிடித்தான் நடந்ததெண்டா, உள்ளதைக் காட்டுறது நல்லதுதானே? பிள்ளையளும் அறியட்டுமே."

"அறியட்டும் பிள்ளை. வடிவா அறியட்டும். அப்ப உம்மட மாமான்ர தேப்பனைக் கதிரையால எழுப்பும். பேப்பரைப் பறியும். கொண்டு வந்து கிணத்தடியில, சால்வையை இறக்கக் கையை நீட்டிக்கொண்டு நிப்பாட்டும். கையைக் காட்டாமல் இடுப்பில சால்வையை மட்டும் காட்டினா, என்ர அப்பா தானே ஆசைப்பட்டுக் கட்டினமாதிரி எல்லோ கிடக்கும்? அது பொய். பொய் வேண்டாமெண்டு சொன்னது நீர்."

"என்ர ஐயாவைக் கிணத்தடியில நிப்பாட்டுறதோ?" ஐயா கத்தினார். "உனக்கு வாய் நீண்டுபோச்சு. ஒன்றுகூடலுக்கு எத்தினை பெரிய ஆக்கள் வருவினம் தெரியுமே?"

இவ்வளவு நாளும் கனடாப் பிள்ளைக்கு முன்னால் 'நீர்' என்று கதைத்தவர். இப்போது 'நீ'.

கோசலா சின்ன வீட்டைப் பார்த்தாள், மாமனைப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு அப்பாவை மெல்லத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"சரி அக்கா. ஒருத்தருக்கும் மனவருத்தம் வேண்டாம். இவரை விட்டிடுவம். நீங்கள் வீட்டில வச்சிருங்கோ, ஒரு ஞாபகத்துக்கு."

கிழிந்த தோளோடு அப்பா என் உள்ளங்கையில் கிடந்தார். அந்தப் பிள்ளை கெட்டவளில்லை. அதுதான் எனக்கு இன்னும் கொதித்தது. மாமன் சால்வையை இறக்கினார். இவள் ஆளையே இறக்கிவிட்டாள், அதுவும் சிரித்த முகத்தோடு. படத்தில் பாதித் தோளாவது மிஞ்சியிருந்தது. இதில் அதுவும் இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். அவர்கள் இரண்டு பேரும் நிற்கிறார்கள். நான் நிலத்தில் இருந்து அண்ணாந்து கதைத்துக்கொண்டிருக்கிறேன். சுற்றிவரக் கதிரைகள் சும்மா கிடக்கின்றன. இத்தனை நாளும் இந்த வீட்டில் என்னை நிலத்தில் இருத்தியது யார்? யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் இருந்தேன். 'அவையளாத்தான் செய்யிறது.' சீ என்று போய்விட்டது எனக்கு. அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்தது பெரிது.

எழும்பினேன்.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ," என்றேன் அரியநாயகத்திடம். "அப்பா போறாரெண்டா அப்பா வெட்டினதும் போகும்."

அவர் எழும்பினார். என்னை ஒருதரம் பார்த்தார். மேசைக்குப் போய், மெல்லிய அலகுக் கத்தியைக் கிணற்றின் அடியில் விட்டுச் சுற்றி அறுத்து, இரண்டு கையாலும் தூக்கினார்.

"இஞ்சேரும், துலாவைப் பிடியும்," என்றார். "பசை இன்னும் வடிவாக் காயேல்லை."

"டேய், கிணத்தை எங்க கொண்டு போறாய்?"

"எங்கட வளவுக்கு ஐயா. உதுக்கு நீங்கள் ஒரு சதமும் தரவேண்டாம்," என்றார் அரியநாயகம்.

"அக்கா, பிளீஸ்," கோசலா பின்னால் ஓடி வந்தாள். "கிணறில்லாட்டி வீடு நிறைவில்லை அக்கா. குசினி, தோட்டம் எல்லாம் இருக்கு, தண்ணி எங்கால எண்டு கேப்பினம்."

"ஓம் பிள்ளை. அதைத்தான் நானும் சொல்லுறன். கேக்கட்டும்."

வாசல் படலை வரைக்கும் ஐயா வந்தார். வயது போன மனுசன், மூச்சு வாங்கியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அரியநாயகம் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறிக் கிணற்றை மடியில் வைத்துக்கொண்டேன்.

"மரியாதையா அதை வைச்சிட்டுப் போ!"

"தண்ணி தேவையெண்டா எங்கட வீட்டை வாங்கோ ஐயா," என்றேன், தெருவுக்குக் கேட்க. "படலைக்கு வெளியில நிண்டு கூப்பிடுங்கோ. ஆராவது மனம் வச்சு வந்து வார்ப்பினம். நீங்கள் கையை மட்டும் ஏந்துங்கோ."

மோட்டார் சைக்கிள் வெட்டை வெளிக்கு ஏறியதும் கடற்காற்று அடித்தது. துலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அப்பா மற்றக் கைக்குள் இருந்தார். வழியில் நான் அழவில்லை. அரியநாயகம்தான் ஒருதரம் திரும்பி, "வாளி கிடக்கோ, விழுந்திட்டுதோ?" என்று கேட்டார். கிடக்கிறது என்றேன்.

அப்பாவின் தோளுக்கு அடுத்த நாள் புதுத் துணி வைத்து, இரட்டை நூலால் சால்வையைத் தைத்தேன். இப்போது கிணறும் அவரும் என் தையல் மிசினுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். துலாக்கயிற்றில் அவருடைய கையைச் சுற்றிவிட்டிருக்கிறேன்.

அந்தச் சின்ன வீடு கனடாவுக்குப் போய்விட்டது. கதிரைகளில் எல்லாரும் இருப்பார்கள், பூனை மயிர் மீசையோடு. பின்வளவில் கிணறு இருந்த இடத்தில் பசை ஒட்டிய வட்டம் ஒன்று கிடக்கும். எத்தனை சுரண்டினாலும் அது போகாது. பலகையையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். அங்குள்ள பிள்ளைகள் அதில் விரலை வைத்து, இதென்ன வட்டம் என்று கேட்பார்கள். கேட்கட்டும். கோசலா வாயைத் திறந்து பதில் சொல்லட்டும்.