எந்த நாட்டுக் கறி

துப்பாக்கிகளை உள்ளே வைத்துவிட்டு இரண்டு நாடுகளும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதற்கு மறுமாதமே தோன் கஸ்பாரும் தோன் மிலானும் சண்டையை ஆட்டுக்கறிக்கு மாற்றிக்கொண்டார்கள். மரியாதைக்கு ஒருமுறை 'தோன்' போட்டாயிற்று. இனி வெறும் கஸ்பார், மிலான் போதும். கஸ்பாரின் பண்ணை அர்ஜென்டினாவின் கடைசிப் பண்ணை. மிலானின் பண்ணை சிலியின் முதல் பண்ணை. நடுவில் ஏழு கம்பி வேலி, அதில் ஓர் இரும்புக் கதவு, கதவுக்கு ஆளுக்கொரு பூட்டு. ஜனவரியில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவைத் திறப்பார்கள். இந்தப் பக்கம் ஒரு நெருப்பு, அந்தப் பக்கம் ஒரு நெருப்பு, ஒவ்வொன்றின் முன்னாலும் இரும்புச் சிலுவையில் விரித்துக் கட்டிய ஓர் ஆட்டுக்குட்டி. எந்த நாட்டுக் கறி உசத்தி என்று தீர்ப்புச் சொல்வதற்கு பெரெய்ரா வருவான். உருகுவேக்காரன், கம்பளி வியாபாரி, இரண்டு பேரிடமும் கம்பளி வாங்குகிறவன்.

முதல் வருடம் சிலி ஜெயித்தது. இரண்டாம் வருடமும் சிலிதான். இரண்டு வருடமும் கஸ்பாருக்காகக் கறி சுட்டவர் தெல்மிரோ.

தெல்மிரோ வேலியோரக் குடிசையில் இருந்துகொண்டு கஸ்பாரின் மந்தையைப் பார்த்துக்கொள்கிறவர். வயது ஐம்பத்தாறு. பதினாறு வயதில் சிலியின் மழைத்தீவு ஒன்றிலிருந்து கம்பளி வெட்ட வந்தவர், திரும்பிப் போகவில்லை. அந்தத் தீவுக்காரர்களுக்கு சிலோத்தே என்று பேர். தீவில் அது வெறும் ஊர்ப்பேர். வேலிக்கு இந்தப் பக்கம் அது வசவு. எழுபத்தெட்டில் போர் வரப்போகிறது என்று இரண்டு நாட்டுப் படையும் எல்லையில் நின்றபோது, சிலோத்தே உளவு சொல்வான் என்று சிப்பாய்கள் அவரைக் கம்பளிக் கொட்டகையில் இரண்டு நாள் கட்டிப்போட்டார்கள். கஸ்பார் பக்கத்து வீட்டில்தான் இருந்தான். 'என் ஆள்தான், அவிழ்த்துவிடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

இந்த வருடம் டிசம்பரில் கஸ்பார் தன் மேஸ்திரி லூனாவைக் கூட்டிக்கொண்டு குடிசைக்கு வந்தான். குதிரையிலிருந்து இறங்காமலே பேசினான்.

"ரெண்டு வருஷமா மண்ணைக் கவ்வுறோம். ஏன்னு நினைக்கிற?"

"காத்து ஜாஸ்தி முதலாளி. நெருப்பு ஒரே பக்கமா சாஞ்சிடுச்சு."

"அவனுக்கு மட்டும் காத்து லீவு போட்டுச்சா?"

லூனா சிரித்தான். "காத்துக்கு நாடு கிடையாது முதலாளி. இந்தாளுக்கு இருக்கே. பொறந்த மண்ணு பாசம் எங்க போகும்? உப்பைக் கம்மியா போட்டிருப்பாரு."

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"எப்படியெல்லாம் இல்ல?" என்றான் கஸ்பார். "நாப்பது வருஷமா எங்க வீட்டுச் சோறு. கேட்டுக்கோ. இந்தத் தடவை ஜெயிச்சுக் குடு. சாகிற வரைக்கும் இந்தக் குடிசை உன்னுது, எழுதியே தர்றேன். அப்புறம் எவனாவது சிலோத்தேன்னு கூப்பிட்டா வந்து என்கிட்ட சொல்லு. தோத்தியோ, மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பு."

தெல்மிரோவுக்குக் கிளம்பிப் போக இடமில்லை. அம்மா செத்தபோதே தீவில் வீடு போயிற்று. தகரக் கூரையும் ஒரு அடுப்பும் தீஸ்னா என்ற கறுப்பு நாயுமாக, இந்தக் குடிசைதான் அவருக்கு ஊர், நாடு எல்லாம். அதனால் எழுதித் தருகிறேன் என்ற சொல்லை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டது தப்பு என்று யார் சொல்ல முடியும்?

அப்போதுதான் கஸ்பாரின் கண் தொமிங்கோ மேல் விழுந்தது. குடிசை வாசலில் நாயோடு முட்டி விளையாடிக்கொண்டிருந்த ஆட்டுக்குட்டி அது. லூனா இறங்கிப்போய் அதன் இடுப்பை அமுக்கிப் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"முதலாளி, வெண்ணெய்!"

"இதையே அறு," என்றான் கஸ்பார்.

"அது வேணாம் முதலாளி. அது வந்து..."

"பாத்தியாடா லூனா? நல்ல குட்டியை ஒளிச்சு வெச்சுக்கிட்டு நோஞ்சானைச் சுட்டா எப்படிடா ஜெயிப்போம்?"



தெல்மிரோ சொல்ல வந்து, சொல்லி முடிக்காதது இதுதான். அக்டோபரில் பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலிக் கம்பியில் ஒரு தாயாடு மாட்டிச் செத்துக் கிடந்தது. அதன் வலக்காது நுனி வெட்டியிருந்தது. அது மிலானின் அடையாளம். கஸ்பாரின் ஆடுகளுக்கு இடக்காதில் கவட்டை வெட்டு. செத்த ஆட்டின் பக்கத்தில் இந்தப் பக்கமாக நின்று ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. மேய்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: ஆடு செத்தால் காது இரண்டையும் அறுத்து எடுத்துவைத்து, உடையவனிடம் கணக்குக் காட்டவேண்டும். தெல்மிரோ அப்படியே செய்தார். காதுகளைக் காயவைத்து ஒரு புகையிலை டப்பாவில் போட்டு வைத்தார், ஜனவரியில் கதவு திறக்கும்போது மிலானிடம் காதையும் குட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று. குட்டிக்கு ஞாயிறு என்ற பொருளில் தொமிங்கோ என்று பேர் வைத்தார். ஒயின் பாட்டிலில் துணிக்காம்பு கட்டி, பால்பொடியைக் கரைத்து, இரவும் பகலுமாக ஊட்டினார்.

டிசம்பர் முதல் வாரம் குட்டிகளுக்குக் காது வெட்ட வந்த லூனா, கேட்காமல் கொள்ளாமல் தொமிங்கோவின் இடக்காதிலும் கவட்டையை வெட்டிவிட்டான். "லூனா, அது அந்தப் பக்கத்துக் குட்டி," என்றார் தெல்மிரோ. "வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கிறதெல்லாம் நம்ம ஆடுதான்யா," என்று சொல்லிக்கொண்டே அவன் அடுத்த குட்டியைப் பிடித்தான்.

போட்டிக்கு முந்தின நாள் தெல்மிரோ பாட்டிலைத் தூக்கிக் காட்டி விசிலடித்தார். தொமிங்கோ ஓடி வந்தது. கடைசிச் சொட்டு வரை குடிக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு கத்தியை எடுத்தார். அன்று அவர் எதுவும் சாப்பிடவுமில்லை, நாயோடு பேசவுமில்லை. கறிக்குத் தெளிக்கப் பூண்டும் உப்புத்தண்ணீரும் கலக்க வேண்டியிருந்தது. வேறு பாட்டில் இல்லாததால் துணிக்காம்பை அவிழ்த்துவிட்டு அதிலேயே கலந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்தது. விதிப்படி இரண்டு தோல்களையும் காதோடு வேலியில் தொங்கவிட்டார்கள், சொந்த ஆடுதான் என்பதற்குச் சாட்சியாக. பெரெய்ரா இரண்டையும் தடவிப் பார்த்துத் தலையாட்டினான். தெல்மிரோ ஐந்து மணி நேரம் நெருப்பை விட்டு நகரவில்லை. எலும்புப் பக்கத்தை முதலில் காட்டி, காற்று திரும்பும்போதெல்லாம் சிலுவையைத் திருப்பி, தணலை வாரி வாரி அடியில் தள்ளி, பாட்டிலால் உப்புத்தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தார். புகையில் கண் எரிந்தது. புகைதான் என்று அவரும் நினைத்துக்கொண்டார்.

வேலிக்கு இருபுறமும் வசவுகள் பறந்தன.

"எங்க புல்லுல கடல் உப்பு இருக்குய்யா! எங்க ஆடு உள்ளேயே உப்புப் போட்டுக்கிட்டு வருது!" என்று கத்தினான் மிலான்.

"உங்க ஆடு மழையில நனைஞ்சு நனைஞ்சு மீன் மாதிரி நாறுது! காஞ்ச புல்லைத் தின்னாத்தான்யா கறி!" என்றான் கஸ்பார்.

பெரெய்ராவின் கண்ணைக் கட்டினார்கள். இரண்டு தட்டு. முதல் தட்டில் ஒரு விலா, மென்றான், ஒயின் குடித்தான். இரண்டாம் தட்டில் ஒரு விலா. அதை மென்றவன் நிறுத்தினான். எலும்பைக் கையில் வாங்கி நக்கினான்.

"எங்க ஊர்ல காலைப் பலகாரத்துக்கே இதைவிட நல்ல கறி கிடைக்கும்," என்றான். வழக்கமான திமிர். "ஆனா இந்த ரெண்டாவது... இது வேற. இதுதான்."

இரண்டாவது தட்டு தெல்மிரோவுடையது.

இந்தப் பக்கத்து ஆட்கள் தொப்பிகளை வீசி எறிந்தார்கள். நாட்டுப்பண் பாடினார்கள், பாதிக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. கஸ்பார் ஒரு பெட்டி மேல் ஏறினான். "இந்தக் காய்ந்த பூமியின் புல்! இந்தக் காற்று! என் தாத்தா கொண்டுவந்த கிடாயின் ரத்தம்! இன்று ஜெயித்தது அர்ஜென்டினா!" என்று தொண்டை கிழியப் பேசினான். புல்லுக்கு நன்றி சொன்னான், காற்றுக்குச் சொன்னான், தாத்தாவுக்குச் சொன்னான்.

அவன் இறங்கும்வரை பொறுத்திருந்து தெல்மிரோ பக்கத்தில் போனார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"முதலாளி, அந்தக் குடிசை விஷயம். எழுதித் தர்றேன்னு..."

"எதுக்கு?"

"ஜெயிச்சாக் குடிசைன்னு சொன்னீங்களே."

கஸ்பார் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான். "கேட்டீங்களா? ஜெயிச்சது இவராம்! டேய், இந்தக் கறியை என் பொண்டாட்டி சுட்டிருந்தாலும் ஜெயிச்சிருக்கும். புல்லுடா, புல்லு! நீ என்னத்தைப் பண்ணின? திருப்பித் திருப்பி வெச்ச." எல்லோரும் சிரித்தார்கள். "குடிசைக்கு லூனாவோட மருமகன் வர்றான். இந்த மண்ணுல பொறந்த பையன். நீ மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கோ, பரவாயில்ல."

இரண்டு வருடம் தோற்றபோது தப்பு சுட்ட கையில் இருந்தது. ஜெயித்ததும் பெருமை புல்லுக்குப் போய்விட்டது. நாற்பது வருடமாக எதையும் விழுங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு இது மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து புகையிலை டப்பாவை எடுத்தார்.

"உங்க புல்லும் இல்ல, உங்க தாத்தாவோட கிடாயும் இல்ல," என்றார் உரக்க. "அது உங்க குட்டியே இல்ல. இதோ, தாயோட காது."

கதவைத் தாண்டி வந்து மிலான்தான் முதலில் டப்பாவைப் பிடுங்கினான். காய்ந்த காதுகளைப் புரட்டினான். வலக்காது, நுனி வெட்டு.

"இது என் ஆடு! அப்போ ஜெயிச்சதும் என் ஆடு! மூணாவது வருஷமும் சிலிதான்!"

"மூணு மாசம் என் புல்லைத் தின்னிருக்கு! புல் யாருதோ கறி அவனுது!"

"ரத்தம் என்னுது!"

வேலியில் தொங்கிய தோலை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கவட்டை வெட்டிய இடக்காது பிய்ந்து புல்லில் விழுந்தது. அதைத் தெல்மிரோ மட்டும் பார்த்தார்.

"இருங்கய்யா," என்றான் பெரெய்ரா. "பெரியவரே, அது என்ன தின்னு வளர்ந்துச்சு? உண்மையைச் சொல்லும்."

"பால்பொடிங்க. புல்லை இப்பத்தான் கடிக்க ஆரம்பிச்சுது."

"எந்த ஊர்ப் பால்பொடி?"

தெல்மிரோ யோசித்தார். "டப்பாவுல உருகுவேன்னு போட்டிருந்துச்சு."

பெரெய்ரா விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ ஜெயிச்சது நாங்க!" கஸ்பாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மிலானுக்கும் வந்துவிட்டது. மூன்று பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒயின் வந்தது. மூன்று வருடத்தில் அந்த இருவரும் ஒரே புட்டியில் குடித்தது அன்றைக்குத்தான்.

குடித்துவிட்டு வாயைத் துடைத்த மிலான், "ஆனா தோன் கஸ்பார், என் குட்டியைத் திருடி உங்க அடையாளத்தை வெட்டியிருக்காங்களே, அது யாரு?" என்று கேட்டான்.

தெல்மிரோ லூனாவைப் பார்த்தார். லூனா தன் பூட்ஸைப் பார்த்தான். "எனக்கென்னங்க தெரியும்? குடிசையில இருந்தது இந்தாள்தானே," என்றான்.

"காதை வேற ஒளிச்சு வெச்சிருந்திருக்கான்," என்றான் கஸ்பார். "உங்க நாட்டு ஆளு, தோன் மிலான். நீங்களே கூட்டிட்டுப் போங்க."

"எங்க நாட்டு ஆளா? நாப்பது வருஷமா உங்க சோறு தின்ன உடம்பு. ரத்தம் யாருதா இருந்தா என்ன, புல் யாருதோ கறி அவனுதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

மறுபடி ஒரே சிரிப்பு. செத்த ஆட்டுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். உயிரோடு நின்ற மனிதரை இரண்டு பேரும் கைகழுவினார்கள். தெல்மிரோவுக்குக் கோபம்கூட வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏன் தனக்கு வெட்கம் வரவேண்டும் என்று அவருக்கே புரியவில்லை.

"சிலோத்தே," என்று கூப்பிட்டான் லூனா. "நெருப்பை அணைச்சிடு. காத்துல ஒரு பொறி பறந்தாலும் மொத்தப் புல்லும் போயிடும்."

அது உண்மைதான். அவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, சாம்பலைக் கிளறிப் புறங்கையால் சூடு பார்த்து, மறுபடி ஊற்றினார்.

"அப்படியே எங்களுதையும் அணைச்சிடுங்க பெரியவரே," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மிலானின் ஆள் ஒருவன் குரல் கொடுத்தான். தெல்மிரோ வாளியோடு கதவைத் தாண்டிப் போய் அந்த நெருப்பின் மேல் குனிந்தார்.

முதுகுக்குப் பின்னால் இரும்பு மோதியது. திரும்பிப் பார்த்தபோது லூனா பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மற்றொரு கையில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் முனையில் தீஸ்னா குரைத்துக் குரைத்துத் துள்ளியது.

"நாய் என்னுது லூனா," என்றார் தெல்மிரோ.

"வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கிறதெல்லாம் நம்மளுதுதான்," என்றான் லூனா.

மிலானின் ஆள் இரண்டாவது பூட்டைப் பூட்டிவிட்டு வந்தான். "பொழுது சாயறதுக்குள்ள எங்க பண்ணையை விட்டுப் போயிடணும் பெரியவரே. முதலாளி சொல்லச் சொன்னாரு."

"எந்தப் பக்கமாப் போறது?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் குதிரையை நோக்கி நடந்தான். தெல்மிரோ சாம்பலில் புறங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளே இன்னும் சூடு இருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார்.