தூக்க முடியாத பந்தயக் கார்

மூட்டைக்காரர் வாங்கி வந்த நீலப் பந்தயக் கார், வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் அசல் காரின் எடைக்கு வந்துவிட்டது. நீளம் மட்டும் அதே ஒரு முழம்தான். அலமாரித் தட்டு முறிந்து, நான்கு சக்கரமும் தரையில் ஊன்ற விழுந்தது. சிமெண்டில் சுவரிலிருந்து சுவர்வரை விரிசல் ஓடியது. அடுப்படியில் இருந்த மனைவி, வழக்கம்போல அவர்தான் எதையோ போட்டு உடைத்தார் என்று திட்டி முடித்த பிறகே வந்து பார்த்தாள்.

அவர் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குபவர். ஒரே மூச்சில் இரண்டு மூட்டை ஏற்றுவார் என்பதால் கிடங்கில் அவருக்குக் கிரேன் என்று பெயர். மற்றவர்கள் குடித்துத் தீர்த்ததை அவர் காராக வாங்கி அடுக்கினார். எல்லாம் பழைய பந்தயக் கார்கள், எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி உலோகத்தில் வார்த்தவை. சேகரிக்கிற ஆட்கள் பெயிண்டைப் பார்ப்பார்கள், சக்கரத்தின் கம்பிகளை எண்ணுவார்கள். இவர் கையில் ஏந்தி எடை பார்ப்பார். கனத்தால் நல்ல கார், கனக்காவிட்டால் பிளாஸ்டிக். நீலக் காரை ஏந்திப் பார்த்ததும் முகம் சுளித்திருக்கிறார். “என்னய்யா இது, காத்தா இருக்கு?” என்றதற்கு, பழைய சாமான் கடைக்காரன், “வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணே, சோறு போட்டா கனம் ஏறிடும்” என்று சிரித்தான். அவன் சொன்னதில் சோறு மட்டும்தான் பொய்.

வீடு மாடியில். கீழே குடியிருந்த வீட்டுக்காரரின் கட்டிலில் சுண்ணாம்புக் காரை உதிர்ந்தது. கூரை நடுவில் வயிறு தள்ள ஆரம்பித்ததும் அவர் மேலே வந்து, மாதக் கடைசிக்குள் கார் இறங்க வேண்டும், இல்லையென்றால் குடும்பம் இறங்க வேண்டும், வேறு பேச்சு இல்லை என்றார். மூட்டைக்காரரின் மனைவிக்கு வேலை அடுத்த தெருவில். பெண் பிள்ளைகள் இரண்டும் நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம். இந்த வீட்டைப் பிடிக்க அவள் ஏறி இறங்காத படி இல்லை. “அந்தப் பொம்மைக்காக நான் நடுத்தெருவுல நிக்கணுமா?” என்று கேட்டாள். பொம்மை என்ற சொல்தான் அவருக்குச் சுருக்கென்றது.

இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் குனிந்தார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர கார் அசையவில்லை. கிடங்கு ஆட்கள் அறுவர் வந்தார்கள். மூங்கிலைக் கீழே கொடுத்து நெம்பினார்கள், மூங்கில் பிளந்தது. மின்விசிறிக் கொக்கியில் சங்கிலி போட்டு இழுத்தார்கள். கொக்கி ஒரு கூடை சிமெண்டோடு ஒருவன் தோளில் இறங்கியது. “கிரேனுக்கே கிரேன் வேணும் போல” என்றான் அடிபட்டவன். யாரும் சிரிக்கவில்லை. தரையில் கிடப்பது எதுவானாலும் தோளுக்கு ஏற வேண்டும் என்பது அவர்கள் தொழில். வேறு விதமாக நினைக்க அந்தத் தோள்களுக்குப் பழக்கமில்லை. கடைசி நாள் வந்தது. பாத்திரங்கள் சாக்கில் ஏறின. வேறு வீடு இன்னும் கிடைக்கவில்லை.

அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். காலி செய்தாலும் குப்பையோடு விட்டுப் போகக் கூடாது என்று மனைவி துடைப்பத்தால் கூட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை நாளும் பயந்து காரைச் சுற்றியே கூட்டியவள், இனி விழுந்தால் விழட்டும் என்ற எரிச்சலில் அதைக் காலால் ஒதுக்கினாள். கார் உருண்டு வாசல் நிலைவரை போய் நின்றது.

சாக்கு இறக்க வந்திருந்த அறுவரும் வாசலிலிருந்து விலகி நின்றார்கள்.

“ஏழு ஆம்பளைங்க,” என்றாள் அவள். “காரை எந்த ஊருலய்யா தூக்கிக்கிட்டுப் போறாங்க?”

அவர் எழுந்து பலகை தேடப் போனார். இறக்குவது அவர்களுக்குத் தெரிந்த வேலை. படிகளில் பலகை பரப்பி, காருக்குக் கயிறு கட்டி, அறுவரும் பின்னால் சாய்ந்து பிடிக்க, அவர் முன்னால் செங்கல்லை மாற்றி மாற்றி முட்டுக் கொடுத்து, மத்தியானத்துக்குள் கீழே கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டு படி மூலை உடைந்தது. வீட்டுக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார், முனகினார், பிறகு சாக்குகளை மேலே ஏற்றச் சொன்னார். சாக்கைத் தோளில் வைத்தபோது மூட்டைக்காரருக்குக் கண் கலங்கியது. தூசி என்றார். மனைவி ஒப்புக்கொண்டாள்.

அதற்குப் பின் கார் மாடிப்படிக்கு அடியில் நின்றது. மூத்தவளுக்குக் கல்யாணமானது, சின்னவள் வேலைக்குப் போனாள். அவர் மேலும் கார்கள் வாங்கினார், எதையும் கையில் ஏந்திப் பார்ப்பதில்லை. வேலையில்லாத நாட்களில் நீலக் காருக்கு எண்ணெய் விட்டு, கயிறு கட்டித் தெருவில் கூட்டிப் போவார். பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்வார்கள். கடைத்தெருவுக்கு முன்னால் சாக்கடை மேல் ஆள் நடக்க மட்டும் ஒரு மரப்பாலம் உண்டு. அங்கே இருக்கும் காவல்காரர் அவரைக் கண்டதும் எழுந்து கை காட்டுவார்.

“அண்ணே, நீங்க இப்படி வாங்க. வண்டிக்கு அந்தப் பக்கம் கல்பாலம் இருக்கு.”

அவரும் சரி என்று சுற்றிக்கொண்டு போவார்.