வாரத்துக்கு ஒன்பது நாள்

முதல் பருவத்தில் ஏழு பாடங்களை எடுத்துக்கொண்டதால் மீட்டர்காரருக்கு வாரத்தில் ஒன்பது நாள் வந்தது. கூடுதலான இரண்டும் புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில் வந்தன. கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தில் பின்பக்கத்தின் அடியில் அது தெளிவாகவே அச்சாகியிருந்தது: ஐந்து பாடங்கள் ஏழு நாளில் அடங்கும், அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மிகைநாள் வழங்கப்படும், மிகைநாள் வீட்டாருக்குப் பொருந்தாது. இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய், தரையில் குனிந்து, தூசி படிந்த தண்ணீர் மீட்டர்களின் பொடி எண்களைப் படித்துச் சம்பளம் வாங்கிய மனிதர் அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பதிவு சன்னலில் இருந்த அம்மாள் எச்சரிக்காமல் இல்லை. "வேலைக்குப் போறவங்க முதல் பருவத்துல மூணு எடுப்பாங்க சார். ரொம்பத் தைரியசாலிங்க அஞ்சு" என்றார். மீட்டர்காரர் காதில் தைரியசாலி என்ற சொல் மட்டும் விழுந்தது. பட்டத்துக்கு மொத்தம் நாற்பது பாடங்கள். ஐந்தைந்தாகப் படித்தால் நாற்பத்தேழு வயதில் முடியும், ஏழேழாகப் படித்தால் நாற்பத்தாறிலேயே முடிந்துவிடும். மிச்சமாகும் அந்த ஒரு வருடத்தில் என்ன செய்யப்போகிறார் என்று அவர் யோசிக்கவில்லை. அதுவரை மிச்சமான எந்த வருடத்திலும் அவர் எதையும் செய்ததில்லை. ஆனாலும் அன்று மாலையே, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தன் மைத்துனனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "என்ன மாமா, எடுத்த எடுப்புலயே நாலாவது கியரா? வண்டி நின்னுடும்" என்றான் அவன். "உன் வேலையப் பாருடா" என்றார் இவர். அந்த ஒரு வார்த்தையால், பின்வாங்கும் வழியைத் தானே அடைத்துக்கொண்டார்.

முதல் மிகைநாள் காலையில் அவர் எழுந்தபோது பக்கத்தில் மனைவி இல்லை. மகளின் அறையிலும் யாரும் இல்லை. கோபித்துக்கொண்டு போயிருந்தால் செருப்பை விட்டுவிட்டா போவார்கள் என்று, தர்க்கவியல் எடுத்திருந்த மாணவர் என்ற முறையில், வாசலில் நின்று யோசித்தார். தெருவிலும் யாரும் இல்லை. கடைகள் சாத்தியிருந்தன, பேருந்து நிறுத்தத்தில் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது. பழக்க தோஷத்தில் நாலைந்து வீடுகளின் மீட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு முள்ளும் நகரவில்லை. அவர் வீட்டு முள் மட்டும், அவர் டீக்குத் தண்ணீர் பிடித்தபோது, கால் சுற்றுச் சுற்றியது. கல்லூரி நூலகத்துக்கு நடந்து போனார். அது பூட்டியிருந்தது. அவரைப் போலவே அளவுக்கு மீறி எடுத்துக்கொண்ட இருபது பேர் படிக்கட்டில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வைத்தியசாலை வராந்தாவில் வெட்கமான நோய்க்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள், யாரும் கூப்பிடாமல், வேலைக்குப் போகாமல், முழுசாக. உலகத்தில் எந்த மாணவனுக்கும் கிடைக்காத வசதி. முதல் மிகைநாளில் மீட்டர்காரர் நான்கு வண்ணத்தில் ஒரு கால அட்டவணை போட்டார். இரண்டாம் மிகைநாளில், முதல் நாள் வீணானதால் பொய்த்துப்போன அட்டவணையைத் திருத்தினார். அடுத்த வாரத்தில் ஒரு நாள் தூங்கினார், ஒரு நாள் அட்டவணையைப் புதிய தாளில் அழகாகப் படியெடுத்தார். புள்ளியியல் புத்தகம் வாங்கிய உறையைவிட்டு வெளியே வரவில்லை.

வீட்டில் இதைப் பெரிதுபடுத்தவில்லை. வியாழக்கிழமை காலையில் அவர் முகத்தில் மூன்று நாள் தாடி இருப்பதை மகள் கவனித்தாள். தேயிலை டப்பா ஏழு நாளில் ஒன்பது நாள் அளவுக்குக் குறைவதை மனைவி கவனித்து, அடுத்த முறை பெரிய பொட்டலமாக வாங்கினார். அவர் ஒரு மருத்துவமனையின் விசாரணை மேசையில் வேலை பார்ப்பவர். இதைவிட வினோதமானதையெல்லாம் அங்கே தினமும் கேட்கிறவர்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை மாலையில் மனைவி, துணி மடித்துக்கொண்டே, கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டதாகவும், தங்கள் மருத்துவமனையிலேயே பரிசோதனைக்குக் கொடுத்திருப்பதாகவும், நாளைக்கு முடிவு தெரியும் என்றும் சொன்னார். மீட்டர்காரரின் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துணியை மடித்தார். மனைவிக்கு நாளை என்பது மறுநாள். அவருக்கு அது மூன்று நாள் தள்ளி இருந்தது. நடுவில் இருந்த இரண்டு நாளில், அந்தக் காலி வீட்டில், ஒரு மனிதன் பயப்பட முடிந்த அளவு அவர் பயந்து தீர்த்தார். கழுவிய பாத்திரங்களையே மூன்று முறை கழுவினார். மனைவி இல்லாத வீட்டில் மகளுக்குத் தலை பின்னிவிடத் தனக்குத் தெரியாதே என்று ஒரு பிற்பகல் முழுவதும் நினைத்தார். அவள் தனக்குத் தானே பின்னிக்கொள்ளத் தொடங்கி ஆறு வருடமாகிறது என்பது நினைவுக்கு வரவில்லை. வியாழன் வந்தபோது அவருக்குள் பயப்பட ஒரு சொட்டும் மிச்சமில்லை.

மாலையில் மனைவி வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல், "ஒண்ணும் இல்லையாம். சாதாரணக் கட்டிதானாம்" என்றார்.

"ம், நல்லது" என்று சொல்லிவிட்டு மீட்டர்காரர் புத்தகத்தைப் புரட்டினார்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

"நேத்து முகம் அப்படி வெளுத்துப்போச்சு. இன்னிக்கு யாரோ பக்கத்து வீட்டுக்காரி விஷயம் மாதிரி கேக்குறீங்க."

அவருக்கு விளக்கத் தெரியவில்லை. மனைவி பேச்சை நிறுத்திக்கொண்டார். அவரோ இயல்பாகவே பேசாத மனிதர் என்பதால், அந்த வீட்டில் சண்டை நடக்கிறது என்பதையே மகள் சனிக்கிழமைதான் கண்டுபிடித்தாள். ஆனால் அவருக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் ஒரே நாளில் படுத்து ஒரே நாளில் எழுந்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் தனியாக முன்னே போய்க்கொண்டிருந்தால், பதினாறு வாரப் பருவம் முடிவதற்குள் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காமல் போய்விடும்.

பாடத்தைக் கைவிட வகுப்பு தொடங்கிய இருபத்தாறாம் நாள்தான் கடைசி. அதற்காக அவர் ஒரு தாளில் இருபத்தாறு கட்டம் போட்டு, காலையில் கண் விழித்ததும் ஒன்றை அடித்துவந்தார். சனிக்கிழமையோடு கட்டங்கள் தீர்ந்தன. அவர் மனதில் பெரிய நிம்மதி உண்டானது. இனி யாரிடமும் தோற்றதாகச் சொல்ல வேண்டாம், மைத்துனன் முன்னால் தலைகுனிய வேண்டாம், வேறு வழியில்லாமல் கஷ்டப்படலாம். ஞாயிறு காலை அடுப்படிக்குப் போய், முகத்தை உரிய அளவு சோகமாக வைத்துக்கொண்டு, "ரெண்டு பாடத்த விட்டுடலாம்னுதான் இருந்தேன். நாள் தாண்டிப்போச்சு" என்றார்.

மனைவி மூன்று நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார். "எங்க தாண்டுச்சு? வர்ற வெள்ளிக்கிழமைதானே கடைசி? மிகைநாளையும் சேர்த்து எண்ணிட்டீங்களா? இன்னும் அஞ்சு நாள் இருக்கு. உங்களுக்கு ஏழு."

கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி மீட்டர்காரர் நின்றார். மனைவி விடவில்லை. "நானும் எண்ணிப் பார்த்தேன். ஆறு பருவத்துக்கும் சேர்த்தா நூத்தித் தொண்ணூத்திரண்டு நாள். ஒரு வருஷத்த மிச்சம் பிடிக்க ஆறு மாசத்துக்கு மேல தனியா கிழவனாகப் போறீங்க. நல்லா இருக்கு."

அப்போதுதான் அவர் அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொன்னார். பாத்திரம் கழுவியதை, தலை பின்னுவதை, எல்லாவற்றையும். மனைவி கொதிக்கும் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டார்.

"அழுதீங்களா?"

"ம்."

"எங்க?"

"பாத்ரூம்ல. தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு."

"ஊர்லயே யாரும் இல்லாதப்போ தாழ்ப்பாளா?" என்று கேட்டு மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை இருவரும் பதிவு சன்னலுக்குப் போனார்கள். எந்த இரண்டை விடுவது என்று சன்னல் அம்மாள் கேட்டபோது, மீட்டர்காரருக்குத் தேர்ந்தெடுப்பது கடினமாக இருந்தது, ஏனென்றால் நான்கைத் திறந்தே பார்த்ததில்லை. கனமான புத்தகங்கள் என்பதால் புள்ளியியலையும் மண்ணியலையும் விட்டார். அந்த அம்மாள் முத்திரை குத்தி முடித்ததும், மனைவி சன்னலுக்குள் கையை நீட்டி, "எனக்கும் ஒரு படிவம் குடுங்க. சேரவும் இன்னிக்குத்தானே கடைசி?" என்றார்.

"எத்தனை பாடம்மா?"

"ஏழு."

மீட்டர்காரர் மனைவியின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "உனக்கென்ன பைத்தியமா? முதல் பருவத்துல ஏழு ரொம்பக் கஷ்டம்."

"படிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுதிக்கொண்டே சொன்னார் மனைவி. "காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மேசையில கூப்பிடுறாங்க. வீட்டுக்கு வந்தா நீங்க ரெண்டு பேரும். ரெண்டு நாள் யாருமே கூப்பிட மாட்டாங்கன்னா, ஏழு என்ன, பன்னிரண்டுகூட எடுப்பேன்." பதிவு சன்னல் அம்மாள் நிமிர்ந்து பார்த்து, பல பேர் அதற்காகத்தான் சேருகிறார்கள் என்றார்.

செய்தி கேட்ட மைத்துனன், "ரிவர்ஸும் ஒரு கியர்தான் மாமா, பரவாயில்ல" என்றான். எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை. பருவ முடிவில் மீட்டர்காரர் ஐந்தில் மூன்று தேறினார், மனைவி ஏழில் ஆறு. அடுத்த பருவத்திலும் மனைவி ஏழே எடுத்தார், அதற்கடுத்ததிலும். புதன்கிழமை மாலையில் மட்டும் அவர்கள் எந்தப் பேச்சையும் பாதியில் நிறுத்துவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். கெட்ட செய்தி இருந்தால் அது வியாழன்வரை காத்திருந்தது. புதன் ராத்திரி படுத்த மீட்டர்காரர் எழுந்து பார்க்கும்போது வியாழனாக இருக்கும், சன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டியிருக்கும், அல்லது அலமாரி இடம் மாறியிருக்கும், மனைவி இரண்டு நாள் நன்றாகத் தூங்கிய முகத்தோடு இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார். சர்க்கரை எங்கே என்று எழுப்பிக் கேட்பதை அவர் முதல் மாதத்திலேயே விட்டுவிட்டார். சத்தமில்லாமல் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்து, இரண்டு டம்ளர் டீ போட்டு, இன்றைக்கு மனைவி எந்தப் பக்கம் திரும்பி எழுந்திருப்பார் என்று பார்த்தபடி கட்டிலருகே உட்கார்ந்திருப்பார்.